தண்ணிப் பவுசருக்குக் கண் வைத்த கதை

மதுரங்குளியில் ஹயாத்து முகம்மதுவின் பவுசரைத் தெரியாத ஆள் இருந்தால், அவர் உப்புத் தண்ணி குடிக்கிற ஆளாகத்தான் இருக்க வேண்டும். கடல்நீர் தேங்கும் களப்போரத்துக் கிணறுகளில் வாளியைப் போட்டால் வருவது தண்ணீரா, உப்புப் போட்ட கஞ்சியா என்று சொல்ல முடியாது. ஆகவே உள்ளே தள்ளியிருந்த தன் தோட்டத்துக் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீரைப் பவுசர் என்கிற தாங்கி லொறியில் நிரப்பி, கனமூலை, பாலாவி, புத்தளம் என்று கொண்டுபோய் ஊற்றுவது ஹயாத்தின் தொழில். ஓட்டுவதும் ஊற்றுவதும் அவர் பொறுப்பு. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதெல்லாம் வீட்டில் கைத்தொலைபேசியோடு இருக்கும் மனைவி முஃபீதாவின் பொறுப்பு. சுருக்கமாகச் சொன்னால், ஸ்டியரிங் அவர் கையில். பவுசர் அவள் கையில்.

அந்த முஃபீதா ஒரு நாள் காலை, குரக்கன் ரொட்டியை அவர் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"பவுசருக்கு ஒரு கருவி பூட்டோணும். எங்க நிக்கிது எண்டு போன்ல காட்டுமாம்."

ரொட்டி ஹயாத்தின் தொண்டையில் நின்றது. குரக்கன் ரொட்டி எப்போதுமே தொண்டையில் கொஞ்சம் நிற்கிற சாமான்தான். அன்றைக்கு இறங்குவதாகவே இல்லை.

அவள் சொன்ன காரணத்தில் பிழை கண்டுபிடிக்க முடியாது. தண்ணி எங்கே என்று ஊரெல்லாம் அவளைக் கேட்கிறது. அவள் ஹயாத்துக்குப் போன் எடுக்கிறாள். அவர் 'இந்தா வந்துட்டேன்' என்கிறார். ஒரு மணித்தியாலம் கழித்து எடுத்தாலும் அதே 'இந்தா வந்துட்டேன்'தான். அவருடைய 'இந்தா'வுக்கு எத்தனை மைல் என்று அவளுக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவள் சொல்லவில்லை, அவர் கேட்கவுமில்லை. ஹயாத்துக்குச் சீனி வருத்தம். முஃபீதாவின் வாப்பா அதே வருத்தத்தில் ஒரு காலைப் பறிகொடுத்தவர். அதனால் ஹயாத்து வேலை முடிந்து படியேறும்போது, முஃபீதா முதலில் அவருடைய பாதங்களைத்தான் பார்ப்பாள். ஒரு கீறல்கூட இல்லை என்று கண்ட பிறகுதான் பார்வை முகத்துக்கு ஏறும். வீட்டிலிருந்த சீனிப் பேணி காணாமல் போய் வெகு காலமாகிவிட்டது.

வீட்டில் தொலைந்த இனிப்பு ஹயாத்துக்குப் பாலாவிச் சந்தியில் கிடைத்தது. சுஹைரின் தேத்தண்ணிக் கடை. பகல் வேலை முடிந்த கையோடு பவுசரைக் கடைக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, மூலைக் கதிரையில் போய் அமர்வார். சுஹைர் கேள்வி கேட்காமல் ஒரு கோப்பை வட்டிலப்பம் கொண்டுவந்து வைப்பார். தேங்காய்ப்பால், கருப்பட்டி, ஏலக்காய், மேலே நாலு முந்திரிப் பருப்பு. அதை வாயில் வைத்தால் பல்லுக்கு வேலையில்லை, மனச்சாட்சிக்கு மட்டும்தான் வேலை. அதுவும் இரண்டாவது கரண்டியோடு தூங்கிவிடும்.

ரொட்டி ஒருவழியாக இறங்கியதும் ஹயாத்து முந்திக்கொண்டார். கருவியைத் தானே பார்த்து வாங்கி வருவதாகவும், இதெல்லாம் விசயம் தெரிந்த ஆம்பிளைகள் பார்க்க வேண்டிய வேலை என்றும் சொன்னார். முஃபீதா ஓம் என்றாள்.

புத்தளத்தில் அன்ரனிப்பிள்ளையின் கடை. யுத்த காலத்தில் மன்னாரிலிருந்து வந்து, யுத்தம் முடிந்த பிறகும் தண்ணியும் மனிசரும் பழகிவிட்டதென்று அங்கேயே நின்றுவிட்டவர். முன்பு மீன்பிடிப் படகுகளுக்கு வயர்லெஸ் செட் திருத்தினார். இப்போது போன், கமரா, வாகனத்துக்குப் பூட்டுகிற கருவிகள். வாயைத் திறந்தால் மூடுவது கஷ்டம்.

அவர் மேசையில் இரண்டு பெட்டிகளை வைத்தார். ஒன்று செய்மதிக் கருவி. ஊர்ப் பேச்சில் சட்டலைட்.

"மேல நாலஞ்சு சட்டலைட்டின்ர சிக்னலைப் பிடிச்சு, தான் நிக்கிற இடத்தைத் தானே கணக்குப் பாத்துச் சொல்லும் நாநா. பவுசர் ரோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா எண்டுகூடத் தெரியும்."

ஹயாத்து அந்தப் பெட்டியைத் தேளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"மற்றது?"

மற்றதைப் பற்றிச் சொல்லும்போது அன்ரனிப்பிள்ளையின் குரல், வசதி குறைந்த சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவதுபோலத் தாழ்ந்தது. அது வானத்தைப் பார்க்காது. தரையில் நிற்கிற போன் டவர்களோடு மட்டும் கதைக்கும். எந்த டவருக்குக் கேட்கிறது, எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை வைத்து இடத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லும். கூரைக்குக் கீழே நின்றாலும் வேலை செய்யும், பற்றரியும் நிறைய நாள் நிற்கும். அதெல்லாம் நல்லதுதான்.

"ஆனா நாநா, அது கண்ணால பாக்கிறேல்ல, காதால கேக்கிறது. இடத்தைப் புள்ளியாக் காட்டாது. ஒரு வட்டம் போடும். அதுக்குள்ள எங்கயோ நீங்கள் நிக்கிறீங்கள்."

"வட்டம் எவ்வளவு பெருசு?"

"டவுனுக்குள்ள எண்டாச் சின்னன். பாலாவிப் பக்கம் டவர் குறைவு. அங்க ரெண்டு மூண்டு ஊரை அப்பிடியே விழுங்கிப்போடும்."

ஹயாத்தின் முகத்தில் பெருநாள் பிறை தெரிந்தது. இந்தக் குறையைக் கேட்டவுடன் பெட்டியைத் தள்ளிவிட்டு எழும்பிப் போன ஆட்களைத்தான் அன்ரனிப்பிள்ளை இதுவரை கண்டிருந்தார். குறையைக் கேட்டுக் கண் மலர்ந்த ஒருவரைக் காண்பது இதுவே முதல் தடவை.

"இதவிடப் பெரிய வட்டம் போடுறது ஒண்டும் இல்லையா?" என்று கேட்டார் ஹயாத்து.

அன்று பின்னேரம், முஃபீதா குசினி வாசலில் இருந்து றால் உடைத்துக்கொண்டிருக்க, ஹயாத்து எதிரில் கதிரையைப் போட்டு ஒரு பிரசங்கம் வைத்தார். சட்டலைட் என்பது எங்கோ ஆயிரக்கணக்கான மைலுக்கு மேலே சுற்றுகிற சாமான். அதற்கும் எங்களுக்கும் என்ன சொந்தம்? தகரக் கூரைக்குள் வண்டியை விட்டால் அதற்குக் கண் தெரியாது. தென்னந்தோட்டத்துக்குள் போனால் தடுமாறும். டவர் அப்படியா? எங்கள் மண்ணில் கால் ஊன்றி நிற்கிறது. வெயிலிலும் கேட்கும், மழையிலும் கேட்கும், வீட்டுக்குள்ளும் கேட்கும். நம்பினால் தரையில் நிற்கிறதை நம்ப வேண்டும், தலைக்கு மேலே பறக்கிறதை நம்பக் கூடாது. இடையில் ஒரு சின்ன வட்டம் போடும் என்பதையும் சொன்னார். 'சின்ன' என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னார்.

முஃபீதா றாலின் தலையைத் திருகி ஒரு பக்கம் போட்டாள்.

"அப்ப டவர்தான் நல்லம் எண்டுறீங்க."

"நல்லமில்ல புள்ள. திறம்."

"சரி. உங்களுக்கு எது சரியோ அதப் பூட்டுங்க."

கலியாணம் முடித்த நாளிலிருந்து ஹயாத்து கேட்காத வசனம் அது. பயந்திருக்க வேண்டும். ஆனால் அவர் தன் பேச்சுத் திறமையை நினைத்துப் பூரித்துப் போனார். இந்த வாயை வைத்துக்கொண்டு பிரதேச சபைத் தேர்தலில் நிற்காமல் விட்டோமே என்றுகூட ஒரு கணம் கவலைப்பட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் ஹயாத்தின் வாழ்க்கையில் பொற்காலம். சுஹைரின் மூலைக் கதிரையில் அவர் கரண்டியை எடுக்கும்போது போன் அடிக்கும். எங்கே நிற்கிறீர்கள் என்பாள் முஃபீதா. பள்ளிக்கூடத்துத் தாங்கிக்கு ஊத்துறேன் என்பார். பள்ளிக்கூடம் வட்டத்துக்குள் இருக்கும். இன்னொரு நாள் பெற்றோல் ஷெட் என்பார். அதுவும் வட்டத்துக்குள். பள்ளிவாசல், ஆஸ்பத்திரி, டயர்க் கடை, எதைச் சொன்னாலும் வட்டம் தலையாட்டும். பொய்யும் உண்மையும் ஒரே குடைக்குள் தோளில் கைபோட்டுக்கொண்டு நின்றன. ஹயாத்து இரண்டாவது கோப்பைக்கும் கை காட்டத் தொடங்கினார்.

ஒரு நாள் சுஹைரின் கடை பூட்டிக் கிடந்தது. சொந்தத்தில் யாருக்கோ சுகமில்லை என்று சுஹைர் போயிருந்தார். ஹயாத்து பள்ளிக்கூடத்துக்கு உண்மையாகவே தண்ணீர் ஊற்றிவிட்டு, உண்மையாகவே வேறெங்கும் நிற்காமல் வீட்டுக்கு வந்தார். முஃபீதா அவருடைய பாதங்களைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், ஒரு கிளாசை நீட்டினாள். பச்சையாக ஏதோ நுரைத்துக்கொண்டிருந்தது.

"என்னது?"

"பாவக்காய்ச் சாறு. சுஹைர்ட கடைக்கிப் போனதுக்கு."

அந்த ஒரு நாள் ஹயாத்தின் கையில் சத்தியம் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். முஃபீதா போனை நீட்டினாள்.

"வட்டத்தப் பாருங்க. பள்ளிக்கூடம் இரிக்கு. சுஹைர்ட கடையும் இரிக்கு. நீங்க பள்ளிக்கூடத்துல நிண்டீங்க எண்டு வட்டம் சொல்லுதா?"

"சொல்லல்ல."

"கடையில நிக்கல்ல எண்டு சொல்லுதா?"

"அதுவும் சொல்லல்ல."

"அப்ப குடிங்க."

குடித்தார்.

அன்றிலிருந்து வட்டம் கட்சி மாறிவிட்டது. கனமூலைக்குப் போனால் அங்கே தொதல் கிண்டுகிற வீடு ஒன்று வட்டத்துக்குள் விழுந்தது. மதுரங்குளிச் சந்தியில் நின்றால் பலூடா வண்டி. புத்தளத்து வட்டத்துக்குள் எத்தனை கேக் கடை என்று எண்ணப் போனால் பொழுது போய்விடும். எங்கே போனாலும் வட்டத்துக்குள் ஒரு இனிப்பு இருந்தது. வீட்டுக்கு வந்தால் ஒரு கிளாஸ் கசப்பு இருந்தது. தான் பிறந்து வளர்ந்த மாவட்டத்தில் இத்தனை இனிப்புக் கடைகள் இருப்பது ஹயாத்துக்கு அப்போதுதான் தெரியவந்தது. அதுவும் நாக்கால் தெரியவரவில்லை.

இதையாவது பொறுத்துக்கொண்டிருப்பார். சாஹுல் ஹமீதின் மகளுடைய கலியாணம் வந்து எல்லாவற்றையும் கவிழ்த்தது.

சாஹுல் ஹமீது கனமூலையில் பெரிய வியாபாரி. கலியாண வீட்டுக்குப் மத்தியானத்துக்குள் தண்ணீர் வேண்டும் என்று முஃபீதாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லி வைத்திருந்தார். ஹயாத்து காலையில் புத்தளத்து உப்பளத்தடியில் வேலையாட்களின் தாங்கியை நிரப்பினார். பிறகு பக்கத்தில் தெரிந்தவர் ஒருவருடைய, அதிசயமாய் உப்பேறாத கிணற்றில் பம்பைப் போட்டு, கலியாண வீட்டுக்கென்று பவுசரை மீண்டும் நிரப்பினார். களப்பிலிருந்து நல்ல காற்று. முன்னால் மறைப்பு ஒன்றும் இல்லாத வெறும் தண்ணீர். பம்பு போட்ட சத்தத்தில் போன் அடித்தது அவருக்குக் கேட்கவில்லை.

பவுசரிலிருந்த கருவியின் குரல் அந்த வெளியில் தடங்கலில்லாமல் போய், அக்கரையிலிருந்த டவர் ஒன்றின் காதில் விழுந்தது. டவர் தன் கடமையைச் செய்தது. வட்டம் கற்பிட்டிக்குப் போய்விட்டது.

கலியாண வீட்டில் புரியாணிச் சட்டி அடுப்பேறிவிட்டது. சாஹுல் ஹமீது போன் எடுத்துத் தண்ணி எங்கே என்று கேட்டார். முஃபீதா பார்த்ததைச் சொன்னாள். கற்பிட்டியிலிருந்து பாலாவிக்கு இறங்கி, அங்கிருந்து கனமூலைக்கு வருவதென்றால் புரியாணி பொறுக்காது. சாஹுல் ஹமீது வேறு பவுசரைக் கூப்பிட்டுவிட்டார்.

ஹயாத்து நிறைந்த தாங்கியோடு கலியாண வீட்டு வாசலில் போய் ஹோன் அடித்தபோது, இன்னொருத்தருடைய குழாய் தாங்கிக்குள் இறங்கியிருந்தது.

"கற்பிட்டியில இருந்து இவ்வளவு கெதியா வந்துட்டீங்களே நாநா," என்றார் சாஹுல் ஹமீது. குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் கூட இருந்தது.

"கற்பிட்டியா?"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குக் காரணம் இருந்தது. முஃபீதாவைப் பெண் பேசுவதற்கு முன்னால் ஹயாத்துக்குக் கற்பிட்டியில் ஜுனைதா என்ற பெண்ணைப் பேசியிருந்தார்கள். என்ன காரணமோ சரிவரவில்லை. ஜுனைதா இப்போது ஏழு பிள்ளைகளின் உம்மா. அதோடு கலியாண வீடுகளுக்கு மஸ்கட் என்கிற இனிப்புச் செய்து கொடுப்பதில் மாவட்டத்திலேயே பெயர் போனவர். வட்டம் ஒரே வீச்சில் இரண்டு குற்றங்களையும் பிடித்துவிட்டது.

கலியாண வீட்டில் யாரோ மரியாதைக்கு வட்டிலப்பம் நீட்டினார்கள். ஹயாத்து வேண்டாம் என்று கை காட்டியது அவருக்கே புதினமாக இருந்தது. நிறைந்த பவுசரைத் தளும்பத் தளும்ப வீட்டுக்கு ஓட்டினார்.

முஃபீதா வாசலில் நின்றாள்.

"ஜுனைதா சுகமா இரிக்காவா?"

"எந்த ஜுனைதா?"

"எந்த எண்டு கேக்கிற அளவுக்கு நிறையப் பேர் இரிக்காங்களா?"

"நான் உப்பளத்தடியில நிண்டேன் புள்ள. அல்லாட காவல். போன் பொய் சொல்லுது."

"தரையில நிக்கிறத நம்போணும் எண்டு நீங்கதான சொன்னீங்க."

"சிக்னல் களப்புக்கு மேலால போயிருக்கு."

"பவுசரும் களப்புக்கு மேலால போயிருக்குமா?"

அவளுடைய உதடு துடித்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அழுகையை அடக்குகிறாள் என்று ஹயாத்து நினைத்தார். தான் செய்த குற்றத்துக்கெல்லாம் தப்பி, செய்யாத குற்றத்துக்கு மாட்டிக்கொண்ட மனிதனுக்கு இந்த உலகத்தில் ஒரு புள்ளியைத் தவிர வேறு புகலிடம் இல்லை என்று அவருக்குப் பட்டது.

மறுநாள் கடை திறக்கும்போதே அன்ரனிப்பிள்ளையின் வாசலில் நின்றார்.

"ரோட்டுக்கு எந்தப் பக்கம் எண்டும் காட்டும் எண்டீங்களே, அதத் தாங்க அன்ரனி. புள்ளியாக் காட்டோணும். வட்டமே வேணாம்."

அன்ரனிப்பிள்ளை அலுமாரிப் பக்கம் போகவில்லை. மேசைக்குக் கீழே கையை விட்டு, சிம் போட்டு ஆயத்தமாக வைத்திருந்த கருவியை எடுத்தார்.

"வேற ஆளுக்கு வச்சதா?"

"இல்ல நாநா, உங்களுக்குத்தான். நீங்கள் டவர் வாங்கிக்கொண்டு போன அண்டைக்கே முஃபீதா அக்கா போன் எடுத்தவ. பாலாவியில வட்டம் எவ்வளவு பெருசா வரும் எண்டு கேட்டவ, சொன்னன். கன நேரம் சிரிச்சவ. பிறகு, சட்டலைட் ஒண்டை எடுத்து வைங்க தம்பி, அவர் தானா வந்து கேப்பார் எண்டவ."

ஹயாத்து காசை எண்ணி மேசையில் வைத்தார்.

செய்மதிக் கருவி பூட்டப்பட்டது. வீட்டுப் போனில் ஒரு நீலப் புள்ளி, எறும்பு மாதிரி ரோட்டு வழியே ஊர்ந்தது. பாவக்காய்ச் சாறு நின்றது, ஜுனைதாவின் சுகம் விசாரிக்கப்படுவதும் நின்றது. சாஹுல் ஹமீதுக்கு முஃபீதாவே போன் எடுத்து விளக்கம் சொல்ல, அவரும் பழையபடி தண்ணீருக்குச் சொன்னார். ஆனால் சுஹைரின் கடைப் பக்கம் பவுசரின் வேகத்தைக் குறைத்தாலே போன் அடித்தது. ஒரு வாரம் ஹயாத்து கடையின் மணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போனார்.

பிறகு ஒரு நாள், பாலாவிப் பள்ளிவாசலில் லுஹர் தொழுதுவிட்டு வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, அவருக்கு ஞானம் பிறந்தது. கண் வைத்திருப்பது பவுசருக்கு. எனக்கில்லை. பவுசர் இந்தப் பள்ளி வாசலில் நின்றால் புள்ளியும் இங்கேதான் நிற்கும். என் கால்களை எந்தச் செய்மதி பார்க்கிறது?

பள்ளிவாசலிலிருந்து சுஹைரின் கடைக்கு நல்ல ஒரு மைல் இருக்கும். உச்சி வெயில், தார் ரோட்டு. ஹயாத்து தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார். வியர்வையில் முங்கி, மூச்சு வாங்கி, மூலைக் கதிரையில் விழுந்தார். சுஹைர் வருத்தமான முகத்தோடு வந்தார்.

"வட்டிலப்பம் முடிஞ்சிட்டு நாநா. இப்பதான் கடைசிக் கோப்பை போச்சு."

சீனியில்லாத தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பவும் ஒரு மைல் நடந்தார். மறுநாள் முந்திக்கொள்ள வேண்டும் என்று இன்னும் வேகமாக நடந்தார். முடிஞ்சிட்டு. அதற்கடுத்த நாள் ஓட்டமும் நடையுமாகப் போனார். அன்றைக்கும் முடிஞ்சிட்டு. எப்போதாவது சுஹைர் மனம் இரங்கி அடிச்சட்டியில் சுரண்டி ஒரு கரண்டி கொடுப்பார். அந்த ஒரு கரண்டிக்காக ஹயாத்து ஒரு மாதத்துக்கு மேலாகப் பாலாவி ரோட்டைத் தேய்த்தார். சாரனை இடுப்பில் நிறுத்த வார்ப்பட்டியை இரண்டு ஓட்டை உள்ளே இழுக்க வேண்டி வந்தது. வட்டிலப்பம் கிடைக்காத ஏக்கத்தில் மெலிகிறேன் என்று எண்ணிக்கொண்டார்.

கிளினிக் நாள் வந்தது. டொக்டர் அம்மா இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தார். சீனி இறங்கியிருக்கிறது, நிறையும் குறைந்திருக்கிறது, பாதத்தில் இரத்த ஓட்டம் திறம் என்றார். வருசக்கணக்காகச் சொல்லியும் கேட்காத மனிசன் இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

ஹயாத்து தோதான பொய் ஒன்றைத் தேடினார்.

"நடக்கிறார் டொக்டர்," என்றாள் முஃபீதா. "ஒவ்வொரு நாளும். பள்ளிவாசல்ல இருந்து சுஹைர்ட கடைக்கி."

இருவரும் வெளியே வந்தார்கள். முஃபீதா அவருடைய பாதங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அவள் முகத்தில் இப்படியொரு வெளிச்சத்தைப் பார்த்து எத்தனையோ காலம். அதைக் கண்டு ஹயாத்துக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சுஹைர் சொன்னானா?"

"அவர் ஏன் சொல்றார்? நான்தான் அவருக்குச் சொன்னேன். நாநாக்கு வட்டிலப்பம் முடியாட்டி, உங்களுக்குத் தண்ணி முடிஞ்சிரும் எண்டேன்."

ஹயாத்து நின்றுவிட்டார். தண்ணி இல்லாமல் தேத்தண்ணிக் கடை என்ன செய்யும்?

"அது சரி புள்ள. ஆனா நான் நடந்து போறது உனக்கு எப்பிடித் தெரியும்? புள்ளி பள்ளிவாசல்லதான நிண்டிச்சு?"

"ஓம். நாள் தவறாம ஒரு மணித்தியாலம் அங்கயே நிண்டிச்சு," என்றாள் முஃபீதா. "நீங்க அவ்வளவு நேரம் தொழுவீங்க எண்டு சட்டலைட் நம்பும். நான் நம்புவேனா?"